எங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வருத்தம்?

(சங்கத்தின் மாதர் அணிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கிலோக் கணக்கு, வீட்டுப் பிரச்சினை என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். கடைசி வரை கேளுங்கள், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

சென்ற வருடம் நாம் ஒரு சகோதரியை அடக்கம் செய்தோம். வயது 44. கருப்பையில் புற்றுநோய். அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். பெயரையும் தோட்டத்தையும் சொல்லப் போவதில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அவருடைய அண்ணன் 39 வயதில் "வயிற்றுக் கட்டி" வந்து போனார். அப்பா 50 வயதைக் காணவில்லை. "மூலம் முற்றிப் போச்சு" என்றார்கள். அப்பாவின் தங்கை பெரும்பாடு பட்டுப் போனார். "அந்தக் குடும்பத்துக்கு ஏதோ சாபம்" என்றார் ஒரு பாட்டி. இன்னொருவர் செய்வினை என்றார். நாங்களும் அங்கே இருந்தோம். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, பேசுவதற்கு எங்களுக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

அதன் பிறகுதான் தேடிப் படித்தோம், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டோம். அந்தப் பாட்டி எண்ணிய எண்ணிக்கை சரியானது. அவர் சொன்ன காரணம்தான் தவறு.

இதே மாதிரி எண்ணிய ஒரு தையல்காரப் பெண்ணின் கதையைச் சொல்கிறோம். 1895ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற வைத்தியர் இருந்தார். அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் எப்போதும் மனம் வாடி இருப்பதைக் கண்டு, ஏன் என்று கேட்டார். "எங்கள் குடும்பத்தில் எல்லாரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் இளவயதில் சாவேன்" என்று அந்தப் பெண் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார்.

வார்தின் அதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடவில்லை. அந்தப் பெண்ணின் பாட்டன், மாமன், அத்தை, பிள்ளைகள் என்று எல்லாரையும் விசாரித்து எழுதி வைத்தார். 1913இல் அதை வெளியிட்டார். பெயரை மறைப்பதற்காக அந்தக் குடும்பத்துக்கு "ஜி குடும்பம்" என்று எழுத்து வைத்தார்கள். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் அதிகம் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, 1962இல், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் வைத்தியரிடம் ஒரு குடிகார நோயாளி வந்தார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்டபோது, "என் குடும்பத்தில் எல்லாரும் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் சாகத்தானே போகிறேன்" என்றார். லிஞ்சும் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் ஆள் ஆளாக விசாரித்தார். புற்றுநோய் பரம்பரையில் வரலாம் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. அவர் விடவில்லை. கடைசியில் 1993இலும் 1994இலும் இதற்குக் காரணமான மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அந்தத் தையல்காரப் பெண்ணின் குடும்பத்திலேயே எந்த மரபணுவில் பழுது என்று கண்டார்கள். அந்தப் பெண் 1895இல் வாயால் சொன்னதை விஞ்ஞானம் உறுதிப்படுத்த 105 வருடம் ஆனது. இன்றைக்கு இந்த நிலைமைக்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர்.

சரி, மரபணு என்றால் என்ன? பாடசாலைப் புத்தகத்தில் பரம்பரையலகு என்று போட்டிருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. உடம்பு எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த கணக்குப் புத்தகம் அது.

செக்ரோலை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பெயரைப் பார்த்து எழுதும்போது, ராமாயி ராமையா ஆகிவிடும். ஒரு நாள் பேர் விழாமல் போய்விடும். அதற்காகத்தான் எழுதியதைச் சரிபார்க்க இன்னொரு ஆள் வேண்டும். உடம்பிலும் அப்படித்தான். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது சுமார் 600 கோடி எழுத்துகளைப் பிரதி எடுக்கிறது. பிழை வராமல் இருக்குமா? வரும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு நான்கு முக்கியமான மரபணுக்கள் இருக்கின்றன. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்று பெயர். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கு சரிபார்ப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்குப் பிறக்கும்போதே இந்த நான்கில் ஒன்றின் ஒரு பிரதி பழுதாக இருக்கும். மற்றப் பிரதி நன்றாக இருப்பதால் பல வருடம் ஒன்றும் தெரியாது. ஏதாவது ஒரு கலத்தில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப் போனால், அந்தக் கலத்தில் சரிபார்க்க ஆள் இல்லை. பிழைக்கு மேல் பிழை சேரும். குடலின் உட்தோலும் கருப்பையின் உட்தோலும் அடிக்கடி உதிர்ந்து புதிதாக வளரும் இடங்கள். இந்தப் பழுது உள்ளவர்களுக்குப் புற்றுநோய் அதிகமாக வருவதும் அங்கேதான்.

எம்.எல்.எச்.1 அல்லது எம்.எஸ்.எச்.2 பழுதாக உள்ளவர்களில், பத்துப் பேருக்கு நான்கைந்து பேருக்கு வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய் வரக்கூடும். பெண்களுக்குக் கருப்பையிலும் ஏறக்குறைய அந்த அளவு ஆபத்து. மற்ற இரண்டிலும் குடல் புற்றுநோய் ஆபத்து குறைவு. இந்த எண்ணிக்கையைக் கேட்டு எல்லாரும் பயப்பட வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய் வந்த நூறு பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் இந்தப் பரம்பரைப் பழுது காரணம். ஆனால் அந்த மூன்று பேரின் வீட்டில் அண்ணன், தங்கை, பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று பேசுவது அவர்களுக்காக.

இது எப்படிப் பரம்பரையில் இறங்குகிறது என்பதை எல்லாரும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பழுது உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்பிள்ளையா, ஆண்பிள்ளையா என்ற வித்தியாசம் இல்லை. கருப்பை வருத்தம் என்பதால் தாய் வழியில்தான் வரும் என்று நினைக்காதீர்கள், அப்பாவிடமிருந்தும் மகளுக்கு வரும். நாம் சொன்ன சகோதரிக்குத் தகப்பன் பக்கத்தில்தான் எல்லாரும் போயிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு அந்தப் பழுது வராவிட்டால், அந்தப் பிள்ளையின் பிள்ளைகளுக்கு அது போகாது. மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டும் வழக்கம் நமக்கு உண்டு. இப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு பக்கமும் ஒரே பழுது இருந்து, ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாக வந்துவிட்டால், சின்ன வயதிலேயே புற்றுநோய் வரலாம். அது மிக அரிது. இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் குடும்பம் கவனமாக இருக்க வேண்டும்? 1991இல் வைத்தியர்கள் ஒரு சுலபமான கணக்குச் சொன்னார்கள். மூன்று, இரண்டு, ஒன்று. நெருங்கிய சொந்தத்தில் மூன்று பேருக்கு இந்தப் புற்றுநோய், அடுத்தடுத்த இரண்டு தலைமுறையில், அதில் ஒருவருக்காவது 50 வயதுக்கு முன். முதலில் குடலை மட்டும் எண்ணினார்கள். 1999இல் கருப்பையையும் சேர்த்தார்கள். இந்தக் கணக்குக்குள் வராத குடும்பத்திலும் பழுது இருக்கலாம். ஆனபடியால் 50 வயதுக்குள் ஒருவருக்குக் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்தாலே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். தெரிந்து என்ன செய்வது? தலையெழுத்து என்று இருந்துவிடுவதா?

இல்லை. பின்லாந்து நாட்டில் இப்படிப்பட்ட 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 வருடம் கவனித்தார்கள். 133 பேர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கொலனோஸ்கோப்பி என்பது அதுதான். மற்ற 119 பேர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ளாதவர்களில் 19 பேருக்குக் குடல் புற்றுநோய் வந்தது, 9 பேர் அதில் இறந்தார்கள். பார்த்துக்கொண்டவர்களில் 8 பேருக்கு வந்தது. குடல் புற்றுநோயில் ஒருவர்கூட இறக்கவில்லை. காரணம், புற்றுநோய் ஆவதற்கு முன்னால் குடலில் சிறு முளை ஒன்று வளரும். கமரா விடும்போதே அதை வெட்டி எடுத்துவிடலாம். இப்போது இந்தப் பழுது உறுதியானவர்களுக்கு 25 வயதளவில் தொடங்கி, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள்.

கருப்பைக்கு அப்படி நம்பகமான முன்பரிசோதனை இல்லை. அதனால் அறிகுறியைக் கவனிப்பதுதான் முதல் வேலை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் போனாலும், அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். "வயசாகுது, அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்னொன்று, சுவநாரி கிளினிக்கில் எடுக்கும் பப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. ஆறாம் வகுப்பு மகளுக்குப் போடும் ஊசியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. இரண்டும் மிக அவசியம், விடாதீர்கள். ஆனால் நாம் இன்றைக்குப் பேசுவது கருப்பையின் உட்தோலில் வரும் புற்றுநோய். பப் பரிசோதனை சரியாக வந்தது என்று நினைத்து இரத்தம் படுவதை விட்டுவிடக் கூடாது.

பழுது உறுதியான பெண்களுக்கு, பிள்ளைகள் பெற்று முடிந்த பிறகு, 40 வயதளவில் கருப்பையை எடுத்துவிடும் வழியும் இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அப்படி எடுத்துக்கொண்ட 61 பெண்களில் ஒருவருக்கும் கருப்பைப் புற்றுநோய் வரவில்லை. எடுக்காத 210 பேரில் 69 பேருக்கு வந்தது. ஆனால் இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இது அந்தப் பெண்ணின் முடிவு. புருஷனின் முடிவோ, மாமியாரின் முடிவோ, வேறு யாருடைய முடிவோ கிடையாது. தமிழில் விளக்கம் சொல்லாமல், புரியாத மொழியில் உள்ள தாளில் ஒரு பெண்ணும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று நாமே தீர்மானித்துக் கடையில் மருந்து வாங்குகிறோம். இந்தப் பரம்பரைப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் வலது பக்கத்தில் வருவதால், இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலும் கசியும். ஒரு ஆண்பிள்ளைக்கோ, மாதவிடாய் நின்ற அம்மாவுக்கோ காரணம் தெரியாமல் இரத்தம் குறைந்து களைப்பாக இருந்தால், இரும்புச் சத்துக் குளிசை மட்டும் போதாது. ஏன் குறைந்தது என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அஸ்பிரின் பற்றியும் சிலர் கேட்டார்கள். பல நாடுகளில் இந்தப் பழுது உள்ள 861 பேரிடம் செய்த ஆய்வில், தினமும் அஸ்பிரின் எடுத்தவர்களில் பத்து வருடத்தில் நூற்றுக்கு 9 பேருக்கும், எடுக்காதவர்களில் 13 பேருக்கும் குடல் புற்றுநோய் வந்தது உண்மை. ஆனால் அது வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. நம் நாட்டில் டெங்கு இருக்கிறது. டெங்கு வந்தவருக்கு அஸ்பிரின் ஆபத்து. கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மரபணுப் பரிசோதனை எங்கே, யாருக்குச் செய்வது என்பதை விசேட வைத்தியர்தான் சொல்ல வேண்டும். முதலில் நோய் வந்தவரிடம் பார்ப்பதுதான் முறை. வெட்டி எடுத்த கட்டியின் துண்டிலேயே, அந்த நான்கு சரிபார்ப்பவர்களும் இருக்கிறார்களா என்று சாயம் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் காணாமல் போயிருந்தால் அது ஒரு அடையாளம். அதற்குப் பிறகு இரத்தத்தில் மரபணுவைப் பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனை கிடைக்கத் தாமதம் ஆனாலும், குடும்பக் கணக்கை வைத்தே கமரா விட்டுப் பார்க்க வைத்தியர் முடிவெடுக்கலாம். ஆக, முதல் பரிசோதனை வைத்தியசாலையில் இல்லை. நம் வீட்டில், நம் ஞாபகத்தில் இருக்கிறது. "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்று வைத்தியர் கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது.

அந்தப் பதில்தான் நம்மிடம் இல்லை. ஏன் இல்லை?

ஒன்று, நம் குடும்பங்களை இரண்டாக வெட்டினார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். தாத்தாவின் அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். இப்போது அவருடைய பிள்ளைகள் நீலகிரியில் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருப்பார்கள். அவர் எந்த வயதில், என்ன வருத்தத்தில் போனார் என்று நமக்குத் தெரியாது. நாம் எந்த வருத்தத்தில் போகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது. இன்றைக்குக் கையில் போன் இருக்கிறது. கல்யாணப் படம் அனுப்புகிற அதே போனில் இதையும் கேட்கலாம்.

இரண்டு, கடுதாசியை எரிக்கிறோம். கருமாதி முடிந்ததும் செத்தவரின் துணியோடு கிளினிக் புத்தகம், டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி ரிப்போர்ட் எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கடுதாசி செத்தவருக்கு இனித் தேவையில்லை. பிள்ளைகளுக்குத் தேவை.

மூன்று, வெட்கமும் பயமும். கருப்பை, மலம் என்று வாயால் சொல்லக் கூச்சம். குடும்பத்தில் இப்படி வருத்தம் என்று தெரிந்தால் பெண்ணைக் கட்டமாட்டார்கள் என்ற பயம். இந்தப் பயம் பொய் இல்லை. அதனால்தான் சொல்கிறோம், ஒரு வீட்டின் கணக்கு அந்த வீட்டுக்கும் வைத்தியருக்கும் மட்டும்தான். லயத்துப் பேச்சாக்கக் கூடாது. அதை லயத்துப் பேச்சாக்குகிறவர் அந்த வீட்டுப் பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறார்.

நான்காவது காரணம் நம் சங்கத்தின் வேலை. கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. கமரா விடுவதற்கு முந்தின நாளே சாப்பாட்டை விட்டு, வயிற்றைக் கழுவும் மருந்து குடிக்க வேண்டும், அன்றைக்கு மலைக்குப் போக முடியாது. பரிசோதனைக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள். டவுன் வைத்தியசாலைக்கு விடியற்காலை பஸ், துணைக்கு ஒருவர், அவருக்கும் பேர் இல்லை. இலவச வைத்தியம் என்கிறார்கள். வைத்தியம் இலவசம்தான், அதைப் போய்ப் பெற்றுக்கொள்வது நமக்கு இலவசம் இல்லை. ஆகவே வைத்தியரின் துண்டு உள்ள கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு, தோட்ட டிஸ்பென்சரியில் குடும்ப வருத்தக் கணக்கை எழுதி வைப்பது, தமிழில் விளக்கம், இந்த மூன்றையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறோம்.

கடைசியாக அந்த வீட்டுக்கே திரும்பி வருகிறோம். இறந்த சகோதரிக்கு 36 வயதில் ஒரு தம்பி இருக்கிறார். அவரும் மூத்த மகளும் ஒரு கொப்பித் தாளில் தாத்தா முதல் எல்லாரையும் எழுதினார்கள். மகள் அம்மாவின் ரிப்போர்ட்டை எரிக்காமல் வைத்திருந்தார். தம்பி அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போனார். வைத்தியர் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கமராவுக்குத் திகதி கொடுத்தார். குடலில் இரண்டு முளை இருந்தது. அன்றே எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் ஆகவில்லை. அவருக்கு நாலு நாள் பேர் போனது. அவர் இப்போது மலையில் கவ்வாத்து வெட்டுகிறார்.

மகள் இன்னும் தன்னைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. கல்யாணம் பேசுகிறார்கள், அது முடியட்டும் என்கிறார். நாங்கள் வற்புறுத்தவில்லை. அவருடைய உடம்பு, அவருடைய முடிவு. அந்தத் தாள் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவர் எப்போது நினைத்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

அந்தத் தையல்காரப் பெண்ணுக்குக் குடும்பக் கணக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அன்றைக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்குச் செய்ய வழி இருக்கிறது. நம்மிடம் கணக்குத்தான் இல்லை. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். யார், என்ன சொந்தம், என்ன வருத்தம், எந்த வயதில். ஒரு வீட்டுக்கு ஒரு தாள். பாட்டி, தாத்தா உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.